இசைவாணரும் இணையத்தளமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தோர் ஒன்றை நன்கறிவர். மாதவி என்னும் ஒருத்தி அரங்கேறுவதற்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் துணை வேண்டியிருந்தது. அவ்வறுவரின் தகுதிகளையுந் தனித்தனியே விரித்துரைத்த இளங்கோவடிகள், அவ்வளவில் அமையாது, ஆடுதற்குரிய அரங்கின் அமைப்பையும் எடுத்துரைக்கின்றார். இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாய் அரங்கு அமைந்தது என்பதும், தூண்களின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டன என்பதும் அவர் தருஞ் செய்திகள். அவ்வரங்கை மாதவி கட்டினாளல்லள், யாழாசிரியனுங் கட்டினானல்லன். நூலறிந்த தொழிலாளர் கட்டினர். எனினும், அகலமும் நீளமும் விளக்கின் நிலையும் ஆடுவோரின் தேவை நோக்கியே வகுக்கப்பட்டன. கட்டியவன் ஒருவன்; ஆனால் அரங்கு கலைஞருடையது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இக்காலத்து இசைவாணர்க்கும் ஓர் அரங்கு வேண்டப்படுகின்றது. அது மண்ணாலும் மரத்தாலும் ஆயதன்று, இணையத்தளம் எனப்படுவது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு, ஊரில் நடைபெறவுள்ள கலியாணத்துக்கு மேளம் ஒழுங்குசெய்ய விரும்பும் ஒருவர், வித்துவானின் வீட்டுப் படலையை வந்து தட்டுவதில்லை. கைத்தொலைபேசியில் அவர் பெயரைத் தட்டுகின்றார். அப்போது அவர் கண்முன் தோன்றுவது யாது என்பதிலேயே அவ்வித்துவானின் பிழைப்பு ஓரளவு தங்கியிருக்கின்றது. இத்தகைய தளத்தை இசைவாணர் தாமே அமைத்துக்கொள்ளல் நன்றா, அன்றி அத்தொழில் வல்லாரைக் கூலி பேசி அமர்த்தல் நன்றா என்பதே ஈண்டு ஆராயப் புகும் வினா.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும். நம் கல்லூரியிற் பயின்று, இன்று தவில் வித்துவானாக விளங்கும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் வந்தார். அவருடைய தந்தையார் நாதஸ்வர வித்துவான். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, உடுபுடைவைகளை விட்டுவிட்டுத் தம் வாசிப்புகள் அடங்கிய பதினொரு ஒலிநாடாக்களைப் பையிலிட்டுச் சுமந்து சென்றவர் அப்பெரியார். மகன் தமக்கொரு தளம் அமைக்க விரும்பியபொழுது, அதனை அமைத்தவர் அந்நாடாக்களை வாங்கிச் சென்று, கணினிக்கு மாற்றித் தளத்தில் ஏற்றினார். தளம் அழகாகவே இருந்தது. நான்காண்டுகள் கழிந்தன. அமைத்தவர் வெளிநாடு சென்றார், தொடர்பு அற்றது, நாடாக்கள் திரும்பவில்லை. "சேர், என்ர பெயரைத் தட்டினால் சூதாட்டக் கடை வருகுது, அப்பாவின்ர வாசிப்பு எங்கை போச்சோ தெரியேல்லை" என்று அவர் சொன்ன சொல் என் செவியில் இன்றும் ஒலிக்கின்றது.

நடந்தது யாதெனில், அத்தளத்தின் பெயர் வித்துவானின் பேரிற் பதியப்படவில்லை; அமைத்தவரின் பேரிற் பதியப்பட்டிருந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்துவாரின்றிப் பெயர் காலாவதியாக, அதனை வேறெவரோ எடுத்துச் சூதாட்ட விளம்பரம் வைத்துவிட்டனர். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகமொன்றிலே தேடினோம். எழுத்தும் சில படங்களும் அகப்பட்டன, ஒலி அகப்படவில்லை. உறவினர் ஒருவரின் தொலைபேசியில் முன்னரே இறக்கி வைத்திருந்த இரண்டு உருப்படிகள் மாத்திரம் மீண்டன. பதினொரு நாடாக்களில் எஞ்சியவை அவ்விரண்டே. ஆகவே, தளம் அமைப்பது யார் என்னும் வினா வெறுஞ் செலவுக் கணக்கன்று. ஒரு பரம்பரையின் நாதம் எவர் கையில் இருக்கின்றது என்னும் வினாவும் ஆகும்.

இனி, இணையத்தளம் என்பது யாதென விளங்கிக்கொள்வோம். அதனை மூன்று பகுதிகளாகப் பகுத்துக் காணலாம். பெயர், நிலம், வீடு என்பன அவை.

முதலாவது பெயர். உலகில் எவரும் தேடியடையத்தக்க முகவரி அது. நம்மூர்க் காணிக்கு உறுதி எப்படியோ, தளத்துக்குப் பெயர்ப்பதிவு அப்படி. காணிகளுக்குத் தோம்பு இருந்தமைபோலப் பெயர்களுக்கும் ஏடு உண்டு. நம் நாட்டுக்குரிய '.எல்கே' என முடியும் பெயர்களுக்குத் தனியேடும், '.கொம்' முதலாய பொதுப்பெயர்களுக்கு வேறு ஏடுகளும் உள. 2010 ஆம் ஆண்டிலே '.இலங்கை' எனத் தமிழெழுத்தாலேயே முடியும் பெயர்களும் உலக ஏற்புப் பெற்றன. ஆயினும் காணி உறுதிக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பெயரை எவரும் அறுதியாக வாங்க முடியாது, குத்தகைக்கே பெறலாம். '.கொம்' போன்ற பெயரை ஒருமுறைக்குப் பத்தாண்டுக்கு மேற் பதிய இயலாது. குத்தகை தவறினாற் சில நாட் சலுகை உண்டு. அதன்மேல் மிகைக்கட்டணஞ் செலுத்தி மீட்பதற்கு முப்பது நாள் உண்டு. அதுவும் கடந்தால், முந்தியவர்க்கே பெயர் உரித்தாகும். அவ்வித்துவானின் பெயர் போனது இவ்வழியாலேயே.

இரண்டாவது நிலம். தளத்தின் எழுத்தும் படமும் ஒலியும் எங்கேனும் ஒரு கணினியில் இரவும் பகலும் விழித்திருத்தல் வேண்டும். அவ்விடத்தை வாடகைக்கு விடுவதற்கென்றே நிறுவனங்கள் உள. மூன்றாவது வீடு. அந்நிலத்தின்மேல் எழும் பக்கங்களின் அமைப்பு, நிறம், எழுத்துரு, படங்களின் ஒழுங்கு என்பன யாவும் வீடு என்பதனுள் அடங்கும். தாமே அமைப்பதா, பிறரை அமர்த்துவதா என வாதிடுவோர் பெரும்பாலும் இம்மூன்றாவது பகுதியையே எண்ணி வாதிடுகின்றனர். இடர் வருவதோ பெரும்பாலும் முதலிரண்டு பகுதிகளால்.

தாமே அமைத்தல் வேண்டும் என்பார் கூற்றை முதலிற் கேட்போம். வலைப்பின்னல் என்னும் இவ்வேற்பாட்டை 1989 இல் ஜெனீவா நகரை அடுத்த 'சேர்ன்' ஆய்வுக்கூடத்தில் இருந்த டிம் பேர்ணேர்ஸ்-லீ என்பார் முன்மொழிந்தார். 1993 ஏப்பிரில் 30 ஆம் நாள் அவ்வாய்வுக்கூடம் அதனை உலகத்தார் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு விட்டுவிட்டது. எனவே, எவரிடத்தும் அனுமதி வேண்டாது எவரும் தளம் அமைக்கலாம் என்பது அதன் பிறப்போடு வந்த உரிமை. 2003 இல் தோன்றிய 'வேர்ட்பிரஸ்' என்னும் இலவச மென்பொருளும், அதன் பின் பெருகிய ஆயத்த அமைப்புச் சேவைகளும் இவ்வுரிமையைக் கணினிக் கல்வி இல்லாதார்க்கும் எட்டச் செய்தன. இசைவாணர்க்கென்றே கச்சேரி நாட்குறிப்பும் ஒலிப்பெட்டியும் பொருத்திய ஆயத்தத் தளங்களும் உள.

செலவு குறைவு என்பது மாத்திரமன்று இதன் நன்மை. இசைவாணரின் தளத்தில் நாள்தோறும் மாறுவது நிகழ்ச்சி விவரமே. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும் காலத்தில், ஒரு வித்துவான் இன்று எங்கே, நாளை எங்கே என்பது மணிக்கொருமுறை மாறவுங் கூடும். ஒரு திகதியை மாற்றுதற்கு அமைப்பாளரை மூன்று முறை அழைத்து, அவர் ஓய்வு நோக்கிக் காத்திருந்து, கட்டணமுங் கொடுப்பதாயின், வித்துவான் சலித்துத் தளத்தையே மறந்துவிடுவார். சென்ற ஆண்டுத் திருவிழாவை 'வரவிருக்கும் நிகழ்ச்சி' எனக் காட்டிக்கொண்டிருக்குந் தளங்கள் எத்தனை! அவை ஆள் குடியில்லா வீட்டு முற்றத்துச் சருகுபோல் உள்ளன. தளம் இல்லாதிருத்தலினும் இது இழிவு.

மேலும், தம்மைப்பற்றித் தாமே எழுதுவதில் ஓர் உயிர்ப்புண்டு. கூலிக்கு எழுதுவோர் எல்லா வித்துவான்களையும் 'இசையுலகின் ஈடிணையற்ற சுடர்' என்றே எழுதுவர். எவரிடம் சிட்சை பெற்றார், எந்தக் கோயிலில் முதன்முறை வாசித்தார், எந்த இராகத்தில் தந்தையார் வல்லுநர் என்பன அவர்க்குத் தெரியா. இவற்றை அறிந்தவர் வித்துவான் ஒருவரே.

இனி, தொழில் வல்லாரையே அமர்த்தல் வேண்டும் என்பார் கூற்று. இசைவாணரின் செல்வம் காலம். வைகறைச் சாதகத்துக்குரிய மூன்று மணி நேரத்தைக் கணினித் திரைமுன் கழிப்பவர், ஒரு தளத்தைப் பெறுவார். ஒரு பிருகாவை இழப்பார். அன்றியும், தளம் என்பது கட்டி முடித்த அன்றோடு முடிவதன்று. அதனை இயக்கும் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பியாத தளங்களிற் கயவர் புகுந்து தம் விளம்பரங்களை நட்டுவிடுவர். பெரிய திரையில் அழகாகத் தோன்றும் பக்கம் கைத்தொலைபேசியிற் சிதைந்து தோன்றலாம். கைத்தொலைபேசியாற் பிடித்த படத்தை அப்படியே ஏற்றினால், இணைய வேகங் குறைந்த ஊரிலுள்ளார் அது திறக்குமுன் சலித்து நீங்குவர். இசைத்தட்டுகளை விற்பதாயிற் பணம் பெறும் வழியும், பிறர் அட்டை விவரங்களைக் காக்கும் பொறுப்பும் வந்து சேரும். இவையெல்லாம் ஒருவன் ஓய்வுநேரத்திற் செய்யத்தக்கன அல்ல.

ஓடாவியார் வேலையை நாமே செய்யப் புகுந்தாற் கதவு பூட்டாது என்பது ஊரறிந்த உண்மை. வள்ளுவரும் 'தெரிந்துதெளிதல்' என்றும் 'தெரிந்துவினையாடல்' என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். தகுந்தவனை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தபின் அவனவனுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தல் மற்றொன்று. ஆதலின், பிறரை அமர்த்துவது நம் மரபுக்குப் புறம்பன்று.

இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. உலக அனுபவம் யாது கூறுகின்றது என நோக்குவோம்.

இங்கிலாந்திலே 'மரில்லியன்' என்னும் இசைக்குழு ஒன்று உளது. 1997 இல் அக்குழுவினர் வட அமெரிக்கப் பயணஞ் செய்யப் பணமின்றி இருந்தபோது, அவர்தம் இரசிகர் இணையவழி ஒன்றுகூடி ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டிக் கொடுத்தனர். அதனைக் கண்டு வியந்த குழுவினர், 2001 இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்புக்கு, அதனைப் பதிவுசெய்யுமுன்னரே இரசிகரிடம் முன்பணங் கேட்டனர். பன்னீராயிரம் பேருக்கு மேற்பட்டோர் கொடுத்தனர். அதே நாட்டு 'ரேடியோஹெட்' குழுவினர் 2007 ஒக்டோபரிலே தம் புதிய தொகுப்பைத் தம் தளத்திலேயே வெளியிட்டு, விலையைக் கேட்போரே குறித்துக்கொள்க என விட்டனர். அமெரிக்கரான மரியா ஷ்னைடர் என்னும் இசையமைப்பாளர் கடைகளுக்கு அனுப்பாது இணையவழி மாத்திரம் விற்ற தொகுப்பு 2005 இற் கிராமி விருது பெற்றது. இவர்கள் பக்கங்களைத் தம் கையாற் கட்டினரா, பிறரைக்கொண்டு கட்டினரா என்பது இவ்வெற்றிகளுக்குக் காரணமன்று. கேட்போரோடு தொடர்பு இவர்கள் கையில் இருந்தது என்பதே காரணம்.

மறுபக்கத்தையுங் காண்க. இலவசமாக வீடு கட்ட இடந்தந்த 'ஜியோசிற்றீஸ்' என்னுஞ் சேவை 1994 இல் தொடங்கி, 1999 இல் 'யாகூ' நிறுவனத்தின் கைக்கு மாறி, 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. அங்குக் குடியிருந்த இலட்சக்கணக்கான பக்கங்கள் அகன்றன. இசைவாணர் பெருந்தொகையாகக் குடியேறிய 'மைஸ்பேஸ்' தளம், தன் கணினிகளை மாற்றும் வேலையில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட ஒலிகளை இழந்துவிட்டதென 2019 மார்ச்சில் வெளிப்பட்டது. இழந்த பாடல்கள் ஐந்து கோடிக்கு மேல் என மதிக்கப்பட்டது. முன்னரே ஆய்வாளர் படியெடுத்து வைத்திருந்தமையால் ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மாத்திரம் பின்னர் இணையக் காப்பகத்திற் சேர்ந்தன. ஐந்து கோடியில் இஃது ஒரு வீதமே. அங்குப் பாடலை ஏற்றியவர் இசைவாணர் தாமே. எந்தத் தொழிலாளரும் இடையில் இல்லை. ஆகவே, தாமே செய்தமை மாத்திரம் காவலாகாது என்பது போதரும்.

முகநூலும் யூரியூப்பும் போதும், தனித்தளம் எதற்கு என்று கூறும் இளைஞர்க்கு இதனையே விடையாகக் கூறுவேன். அவை சந்தை போன்றவை. சந்தையிற் கடை பரப்புதல் வேண்டும். ஆங்கேதான் சனங் கூடும். ஆயினும், சந்தையிற் குடியிருக்க முடியாது. நிருவாகத்தார் ஒருநாள் கூரையை மாற்றுவர். ஒருநாள் நம் பாயைச் சுருட்டுமாறு கூறுவர். கேட்டற்கு நமக்கு உறுதி இல்லை.

மேற்கூறியவற்றை ஆராயுமிடத்து யான் கொண்ட முடிபு இது. வீட்டை எவருங் கட்டலாம். உறுதியும் திறவுகோலும் இசைவாணர் கையிலேயே இருத்தல் வேண்டும். ஆகவே, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலே முறை. பெயரைப் பதிதல், வாழ்க்கைக் குறிப்பு எழுதுதல், ஒலியைத் தெரிதல், நிகழ்ச்சித் திகதியை மாற்றுதல், வரும் மின்னஞ்சலுக்கு விடையிறுத்தல் என்பன இசைவாணர் தாமே செய்யத்தக்கன. பக்கங்களின் அமைப்பு, பாதுகாப்பு, பணம் பெறும் வழி என்பன தொழில் வல்லார் செய்யத்தக்கன. கையிற் பணமில்லாத இளங்கலைஞர் முதலில் ஒரேயொரு பக்கத்தைத் தாமே அமைக்கலாம். பெயர், ஒரு படம், ஒரு பந்திக் குறிப்பு, மூன்று ஒலிப்பதிவு, தொடர்புகொள்ளும் வழி என்னும் ஐந்தே போதும். வாய்ப்புப் பெருகியபின் தொழிலாளரை அமர்த்தலாம்.

அமர்த்துங்கால் வாய்ப்பேச்சோடு நில்லாது, ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக் கையொப்பம் இடுவித்தல் வேண்டும். கோயிற்றிருவிழாவுக்கே அச்சாரம் பெற்று நாட் குறிக்கும் வித்துவான்கள் இதில் வெட்கப்பட வேண்டுவதில்லை. முதலாவது, பெயர்ப்பதிவு இசைவாணரின் பேரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். '.கொம்' பெயரொன்றின் ஆண்டுக் குத்தகை பெரும்பாலும் இருபது அமெரிக்க டொலர்க்கு உட்பட்டதே. அதனைத் தாமே செலுத்துக. இரண்டாவது, கடவுச்சொற்கள் யாவும் இசைவாணரிடம் இருத்தல் வேண்டும். அமைப்பாளர்க்கு வேறு நுழைவு கொடுத்து, வேண்டாதபோது நீக்கிவிடலாம். மூன்றாவது, ஒலிநாடா, புகைப்படம் முதலிய மூலங்களைக் குறித்த திகதியில் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். நான்காவது, திகதியும் படமும் மாற்றும் முறையை அமைப்பாளர் ஒருநாட் பிற்பகல் இருந்து கற்பித்துச் செல்லுதல் வேண்டும். ஐந்தாவது, ஆண்டுதோறும் பராமரிப்புக் கூலி எவ்வளவு என்பதும், உறவு முறியின் தளத்தின் முழுப்படியை ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் தெளிவாதல் வேண்டும். ஆயத்த அமைப்புச் சேவைகளைத் தெரிவோரும் இவ்வைந்தாவதை வினவுதல் வேண்டும். அவற்றுட் சில, கட்டிய வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வேறிடஞ் செல்ல இடந்தருவதில்லை.

மூலத்தைக் காத்தல் பற்றி ஒருசொல். ஒலியைச் சுருக்காது பதிந்தால், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழப் பத்து மெகாபைற் இடம் வேண்டும். தளத்திலேற்றுதற்காகச் சுருக்கிய ஒலிக்கு ஒரு மெகாபைற்றே போதும். சுருக்கியதிலிருந்து மூலத்தை மீட்க இயலாது. ஆகவே, சுருக்காத மூலத்தை வீட்டில் வைத்து, சுருக்கியதையே தளத்திற்குக் கொடுக்க. மூலத்துக்கும் மூன்று படி வேண்டும். அவற்றுள் இரண்டு வெவ்வேறு வகைப் பொருளிலும், ஒன்று வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பராயின என்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவருவது அவ்வனுபவத்தைக் கண்ட நமக்கு ஆறுதலாவது.

தமிழாசிரியன் என்னும் முறையில் மற்றொரு குறையையுஞ் சுட்டாதிருக்க முடியாது. நம் நாட்டுத் தமிழ்த் தளங்கள் சில, 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களால் அமைந்தவை. அவற்றிலே திரையில் தமிழ் தோன்றினும், கணினியின் உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் அக்கோவையே வெளிப்படும்; தேடுபொறியுந் தமிழ்ப் பெயரை அங்கே காணாது. 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடந்தந்த 'யுனிகோட்' முறையால் எழுதினால் இவ்விடர் இல்லை. எழுத்தைப் படமாக ஆக்கி ஒட்டுதலும் இதே குற்றத்தின்பாற் படும். பெயர்களுக்குப் பல வடிவம் உண்மையையும் மறத்தலாகாது. 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதையைத் 'தட்சிணாமூர்த்தி' என்பாரும் உளர். 'தெட்சணாமூர்த்தி' என்பாரும் உளர். ஆங்கிலத்திலோ இன்னும் பலவாறு எழுதுவர். தேடுவார் எவ்வடிவத்தாற் றேடுவர் என அறியமுடியாதாகலின், வழங்கும் வடிவங்கள் யாவற்றையும் பக்கத்தில் ஓரிடத்திற் குறித்தல் அறிவுடைமை.

தளம் இல்லாமலே அம்மேதையும், 2003 இல் மறைந்த அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களும் புகழ்பெற்றனரே என்பார்க்கு என் மறுமொழி: ஆம், பெற்றனர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தளத்தின் அழகால் எவரும் வித்துவான் ஆவதில்லை. ஆனால், அவர்கள் விடிய விடிய வாசித்த இரவுகளில் எத்தனை எவர் பதிவிலும் அகப்படாது காற்றோடு கலந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எஞ்சியவற்றுட் பல, அன்பர் சிலர் ஒலிநாடாக்களைப் பொன்போற் போற்றியமையால் எஞ்சியவை.

மேற்கூறிய தவில் வித்துவானின் கதை முடியவில்லை. தவணை விடுமுறையில் இரண்டு வாரம் செலவிட்டு, அவரும் யானுமாக ஒரு பக்கம் அமைத்தோம். அழகில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். படம் ஒருபுறஞ் சரிந்தும் எழுத்து மறுபுறம் நெருங்கியும் நின்றன. பின்னர், இப்பணியில் வல்ல இளைஞர் ஒருவரை அமர்த்தி, மேற்கூறிய ஐந்தையும் எழுதி ஒப்பமிட்டு, அமைப்பை மாத்திரம் அவர் செம்மையாக்கினார். பெயர் இப்பொழுது வித்துவானுடையது. கடவுச்சொற்கள் எழுதிய கொப்பி அவர் வீட்டு அலுமாரியில், காணி உறுதிகளோடு ஒன்றாக இருக்கின்றது. எஞ்சிய இரண்டு உருப்படிகளும் தளத்தில் ஒலிக்கின்றன. ஒன்பது நாடாக்களின் பெயர்கள் மாத்திரம் கீழே எழுதப்பட்டுள்ளன. எவரிடமேனும் படி இருப்பின் தருக என்னும் வேண்டுகோளும் அருகில் உண்டு.

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவருட் கணினித் துறையில் வல்லார் பலர் உளர். உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். அவர்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு ஊருக்கு வருங்கால் ஒருநாட் பிற்பகலை நம் கல்லூரிக்கு ஒதுக்குக. மேல்வகுப்பு மாணவர்க்குப் பெயர் பதியும் முறையையும் படியெடுக்கும் முறையையுங் கற்பிப்பின், அம்மாணவர் தத்தம் ஊர் வித்துவான்களின் வீடுகளுக்குச் சென்று துணைபுரிவர். மாணவர்க்கும் ஒருசொல்: உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய ஒலிநாடா உளதாயின் அதன் பெயரை இன்றே குறித்து வையுங்கள், மூலத்தை எவர் கையிலும் எழுத்தின்றிக் கொடாதீர்கள். கல்லூரி மணி அடித்து இத்துணை ஆண்டுகள் கழிந்தும் நாம் ஒன்றுகூடுவதற்குக் காரணம், கற்றதைக் காத்து அடுத்தவர்க்குக் கொடுக்கும் பழக்கமே. கேட்டதையும் அவ்வாறு காத்துக் கொடுப்போமாக.